நூற்றிருபதாம் குப்பி

1

அவளை எல்லாரும் நிதானம் என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எந்த எண்ணையும் வாய்க்குள் இருமுறை சொல்லிப் பார்த்த பிறகே எழுதுவாள். எழுதிக்கொண்டிருக்கையில் யாரேனும் கூப்பிட்டால், பேனாவை மூடிவிட்டுத்தான் தலை நிமிர்வாள். தேநீர் ஆறும்வரை காத்திருந்து, ஆறிய பின் ஒரே மூச்சில் குடிப்பாள். ஆய்வகத்தில் தீப்பிடித்துவிட்டது என்று சொன்னால்கூட எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு பிறகுதான் ஓடுவாள் என்பது உடன் பணியாற்றுவோர் செய்யும் கேலி.

இப்படித் தொடங்கியிருக்கிறேன். இது நான்காம் தொடக்கம். முதல் மூன்றையும் அடுத்த பகுதியில் காட்டுகிறேன். அதற்குமுன் இக்கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுவதே முறை.

மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சித் துறை, ஓராண்டில் தான் செய்து முடித்த ஆய்வுகளைப் பொதுமக்கள் படிக்கத்தக்க எளிய தமிழில் சிறு நூலாக வெளியிட எண்ணிற்று. மொழிநடையைச் சீர்பார்க்கும் பணி என்னிடம் வந்தது. நூலில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று, மாணவியரிடையே குறுங்காணொளி அடிமைத்தனம் பற்றியது. மற்றொன்று, கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே உணர்த்தும் குறியீடுகள் பற்றியது. இரண்டுக்கும் இடையே நான் கண்ட உறவு, ஒரே அட்டைக்குள் அவை தைக்கப்பட்டிருந்தது மட்டுமே. இரண்டாம் ஆய்வின் மூன்றாம் அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'இரண்டு மாதிரிகள் கணக்கில் கொள்ளப்படவில்லை.'

பிழையற்ற வாக்கியம். நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆயினும் அதனைத் தாண்டி என்னால் அடுத்த பக்கத்துக்குச் செல்ல இயலவில்லை. ஏன் இரண்டு? ஏன் காரணம் இல்லை? துறையைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மாதிரி உலர்ந்துபோயிற்று என்பதுபோல் ஏதேனும் ஒரு விடை வந்திருக்கும். நான் கேட்கவில்லை. ஆகவே இனி வருவன யாவும் என் கற்பனை. அக்கல்லூரியின் பொறுப்பு இதில் எள்ளளவும் இல்லை.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

'நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் ஒரு செந்நிறப் புள்ளி—' (நுண்ணோக்கியில் தொடங்கினால் மருத்துவக் கட்டுரை என எண்ணி வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.)

'பெண்ணின் உடல் என்பது' (இவ்வாக்கியத்தை முடிக்கும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்தேன். முடிக்கவில்லை.)

'அன்று மழை பெய்து' (பெய்யவில்லை.)

நான்காம் தொடக்கத்தை வைத்துக்கொண்டமைக்குக் காரணம், அதில் ஓர் ஆள் இருக்கிறாள். ஆள் இருந்தால் அவளுக்கு வேலை வேண்டும், வீடு வேண்டும், யாரிடமேனும் மறைக்க ஏதேனும் ஒன்று வேண்டும்.

வேலை: முற்பகலில் அவள் ஆய்வகத்தில் சாயமேற்றுபவள். பெண்களிடமிருந்து எடுத்த உயிரணுக்கள் விரலளவு குப்பிகளில் வரும். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி இரண்டு சாயங்கள் ஏற்றுவாள். ஒரு குறியீடு இருந்தால் பழுப்பு தெரியும். மற்றது இருந்தால் சிவப்பு தெரியும். இரண்டும் ஒரே உயிரணுவில் சேர்ந்து தெரிந்தால் அத்தகடு 'ஆம்' எனக் குறிக்கப்படும். 'ஆம்' என்பதற்குப் புற்றுநோய் என்று பொருளன்று. அப்பெண்ணை அழைத்து மேலும் பார்த்துவிட வேண்டும் என்று பொருள். பார்த்து, உரிய காலத்தில் சிறு சிகிச்சை செய்தால் தீர்ந்துபோகும். பாராமல் விட்டால் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரக்கூடும். இக்கதைக்கு வேண்டிய மருத்துவம் இவ்வளவுதான்.

பிற்பகலில் அவள் மற்ற ஆய்வுக்கு உழைத்தாள். துறையில் ஆள் போதாது. விடுதி மாணவியர் இருநூற்றுப் பதின்மர் நிரப்பிய வினாத்தாள்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். பத்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வரை உண்டு, மொத்தம் முப்பத்தைந்தைத் தாண்டினால் 'தீவிரம்'. 'இன்னும் ஒன்று மட்டும் என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்லிக்கொள்வீர்?' என்ற வினாவுக்கு ஒரு மாணவி ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'இந்தத் தாளை நிரப்பும்போது மட்டும் இரண்டு முறை.'

வீடு: மணமுறிவுக்குப் பின் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தாள். அந்த மாடியைக் கழுவி, திரைச்சீலை மாட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தவள் அண்ணி. ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று அண்ணி இன்றுவரை கேட்டதில்லை. அண்ணி அக்கல்லூரியிலேயே மாணவியர் விடுதிக் காப்பாளர். வினாத்தாள்களை அறை அறையாகக் கொடுத்து வாங்கியவளும் அவளே.

மறைத்தது: ஒருநாள் யாரும் இல்லாத வேளையில் நிதானம் ஒரு வெற்று வினாத்தாளை எடுத்துத் தனக்கே நிரப்பினாள். கூட்டினாள். நாற்பத்தொன்று. மறுமுறை கூட்டினாள். நாற்பத்தொன்றுதான். தாளை எட்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

3

இங்கே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இத்தனை கவனமுள்ள ஒருத்தி அரை நிமிடக் காணொளிகளுக்கு அடிமையாவாளா? பாத்திரத்தை நானே கட்டி, நானே உடைப்பதாக வாசகர் குறை சொல்லமாட்டாரா?

இரண்டு நாள் கதையை மூடிவைத்தேன். பிறகு அவள் நாற்காலியில் அமர்ந்து பார்ப்பதுபோல் எண்ணிப் பார்த்தேன். ஒரு தகட்டில் ஆயிரக்கணக்கான உயிரணுக்கள். ஒன்றில் சாயம் பிழைத்தாலும் ஒரு பெண்ணைத் தவறவிட்டதாகிவிடும். காணொளியிலோ எதைத் தவறவிட்டாலும் அடுத்தது தானே வந்து நிற்கும். எவரும் அவளைக் கணக்குக் கேட்கமாட்டார். நாளெல்லாம் விழிப்பாக இருப்பவருக்குத்தான் விழிப்பில்லாத ஓர் இடம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. இதனை ஆய்வு முடிவாக யாரும் கொள்ள வேண்டா. கதை எழுதுபவர் தம் பாத்திரத்துக்காகச் செய்யும் வழக்காடல் என்று கொண்டால் போதும்.

அவள் விரும்பிப் பார்த்தவை கம்பளம் கழுவும் காணொளிகள். சேறு படிந்து கறுத்துக் கிடக்கும் கம்பளத்தின்மேல் ஒருவர் நீரைப் பாய்ச்சுவார். கறுப்புக் கரைந்து ஓட, அடியிலிருந்து நீலமும் செம்மையுமாகப் பூவேலை வெளிப்படும். பேச்சு இல்லை, இசை இல்லை. ஒரு கம்பளம் முடிந்ததும் அடுத்த கம்பளம்.

அண்ணிக்கு இது தெரியாது. மாணவியரிடம் அண்ணி சொல்லிவந்ததே வேறு. "இதுங்க கையிலேருந்து போனை வாங்குறதுக்குப் பல்லு புடுங்குறது சுலபம்," என்பாள். தொடர்ந்து, "என் நாத்தனாரப் பாருங்கடி. போன்ல மணி பாக்க மட்டும்தான் தெரியும் அவளுக்கு," என்பாள். நிதானம் அருகில் இருந்தால் தரையைப் பார்த்துக்கொள்வாள். அதனை அடக்கம் என்று மாணவியர் எடுத்துக்கொண்டனர்.

4

மாதிரி எடுப்பதற்கு அதுவே கடைசி நாள். நூற்றிருபது பெண்கள் வேண்டும். அறுபதின்மர் ஏற்கெனவே ஐயத்துக்குரியோர். அறுபதின்மர் குறையேதும் இல்லாதோர். பிற்பகல் மூன்று மணிவரை நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்திருந்தனர். வருவதாகச் சொன்ன இருவர் வரவில்லை.

ஆய்வில் பணியாற்றுவோரும் அவர்தம் உறவினரும் மாதிரி தரலாகாது என்பது விதி. நிதானம் அதனை அறிவாள். விதிகள் அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். ஆனால் நூற்றுப் பதினெட்டு என்னும் எண் அவளை உறுத்திற்று. வாய்க்குள் இருமுறை சொல்லிப் பார்த்தும் அது நிறைந்த எண்ணாக ஒலிக்கவில்லை. ஒன்றைத் தானே தருவது, மற்றதற்கு அண்ணியைக் கேட்பது என முடிவு செய்து விடுதிக்குத் தொலைபேசினாள்.

அண்ணி முதலில் சிரித்தாள். பிறகு மறுத்தாள். குழந்தை பெற்ற நாளுக்குப் பின் பரிசோதனைக் கட்டிலில் படுத்ததில்லை என்றும் இனியும் படுப்பதாக இல்லை என்றும் சொன்னாள். நிதானம் விடவில்லை. இறுதியில் அண்ணி வந்தாள்.

"உனக்காக ஒரே ஒரு தடவை," என்றாள். "ரெண்டாவது தடவை கூப்பிட்டா, ஆள் காணாமப் போயிடுவேன்."

மாதிரி எடுத்தவர் வெளிநோயாளர் பிரிவுச் செவிலியர். எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இரட்டையாக வரும். ஒன்றை ஒப்புதல் படிவத்திலும் மற்றதைக் குப்பியிலும் அப்பெண்ணின் கண்முன்னேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகே அடுத்தவரை அழைக்க வேண்டும். நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் அவ்வாறே நடந்தது. கடைசி இருவருக்குச் செவிலியர் படிவத்தில் மட்டும் ஒட்டினார்: அண்ணிக்கு 119, நிதானத்துக்கு 120. குப்பிகளுக்குரிய சீட்டுகளைத் தட்டின் ஓரத்தில் சேர்த்து வைத்துவிட்டார். அவருக்குப் பேருந்து பிடிக்கும் அவசரம்.

"மத்தவங்கன்னா ஒட்டிட்டுத்தான் விடுவேன்," என்றார். "நீங்க நிதானம். உங்களுக்கு என்ன நான் சொல்றது."

அவரவர் வேலையில் மிகத் தேர்ந்தவரிடம்தான் இப்படிப்பட்ட பிழை நேரும். தேறாதவரை யாரும் இவ்வளவு நம்புவதில்லை.

நிதானம் தட்டை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். வலப்பக்கம் இருந்தது அண்ணியுடையது என்பதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். மேசையில் தட்டை வைத்தாள். அறையில் யாரும் இல்லை. கைபேசியைக் குப்பித் தாங்கியின்மேல் சாய்த்து வைத்தாள். தட்டு இடைஞ்சலாக இருந்தது. அதனைத் திருப்பி வைத்தாள். கம்பளம் ஓடிற்று. சீட்டுகளை ஒட்டினாள்.

தட்டைத் திருப்பியது, சீட்டு ஒட்டுவதற்கு முன்பா, பின்பா?

[எழுதுபவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். மேலே 'திருப்பி வைத்தாள்' என்பது முன்னும் 'ஒட்டினாள்' என்பது பின்னுமாக வந்திருப்பது உண்மை. வாக்கியங்களை ஏதேனும் ஒரு வரிசையில் எழுதித்தானே ஆக வேண்டும். அவ்வரிசையைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். நான் முடிவு செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை.]

5

மூன்று வாரங்களில் முடிவுகள் வந்தன. தகடுகளை நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர் இருவருக்கும் பெயர்கள் தெரியா. எண்கள் மட்டுமே தெரியும். 119: இல்லை. 120: ஆம்.

நிதானம் அந்தத் தாளைப் பார்த்தபோது அவளுக்கு ஐயம் ஏதும் எழவில்லை. தன் எண்ணுக்கு நேரே இருந்த சொல்லை மட்டுமே பார்த்தாள். அன்று மாலை அண்ணியிடம் முதலில் அண்ணியுடைய முடிவைச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல, அண்ணி."

"அதான் எனக்குத் தெரியுமே. என்கிட்ட வர்ற நோயும் விடுதி வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும்." அண்ணி இவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "உனக்கு?"

சொன்னாள்.

மறுநாள் பேராசிரியை அவளைத் தம் அறைக்கு அழைத்தார். ஆய்வின் தலைவர் அவர். 'ஆம்' என வந்தோரின் ஒப்புதல் படிவங்கள் அடங்கிய உறைகளை மட்டும் பிரித்து, உரியவரை அழைத்துச் சொல்வது அவர் பொறுப்பு. நூற்றிருபதாம் உறையிலிருந்த படிவம் மேசைமேல் விரிந்து கிடந்தது. எண்ணிக்கை குறைந்தால் குறைந்தது என்று எழுதிவிட்டுப் போவதுதானே என்று அவர் கேட்டார். உறவினர் ஒருவரும் உண்டு என்பதை அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. பேராசிரியை அதற்குமேல் கடிந்துகொள்ளாமல், வரும் வாரமே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்.

பரிசோதனை நாளன்று அண்ணி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில், நிதானத்தின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டு நாள் கழித்து, அன்று எடுத்த திசுவின் முடிவு வந்தபோதும் அதே பெஞ்சு, அதே இருப்பு.

பேராசிரியை தாமே வெளியே வந்து சொன்னார். "நல்ல செய்தி. திசு சுத்தமா இருக்கு. சில பேருக்கு மார்க்கர் இப்படி வரும், அதுவாப் போயிடும். ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

"போன உயிர் இப்பதான் வந்துச்சு," என்றாள் அண்ணி. பிறகு யாரும் எதிர்பாராதபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அவள் அழவில்லை.

அந்த அழுகையின்போதுதான் நிதானத்துக்குத் தட்டு நினைவுக்கு வந்தது.

6

வாசகர் இப்போது அவளைவிட ஓரடி முன்னே நிற்கிறார் என நினைக்கிறேன். ஆயினும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பேராசிரியை சொன்னது உண்மையாக இருக்கலாம். குறியீடு தோன்றும், தானே மறையும். அப்படியாயின் யாருக்கும் ஒன்றும் இல்லை. அல்லது குப்பிகள் மாறியிருக்கலாம். அப்படியாயின் அந்தச் சிவப்பும் பழுப்பும் அண்ணியுடையவை. 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல' என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. இனி அவளை யாரும் அழைக்கமாட்டார்கள். தன் உடல் நலமாக இருக்கிறது என்ற செய்தியைக் கேட்டு அஞ்சிய ஒரே பெண் அக்கட்டடத்தில் நிதானமாகத்தான் இருந்திருப்பாள்.

அவள் நினைவைத் துழாவினாள். அன்று ஓடிய கம்பளத்தின் ஓரத்தில் ஒரு மயில். அதன் கழுத்து நீலம், இரண்டாம் முறை நீர் பட்டபோதுதான் தெளிந்தது. அது நினைவிருந்தது. நீரின் கோணம்கூட நினைவிருந்தது. எந்தக் குப்பி எந்தக் கையில் இருந்தது என்பதை மட்டும் எவ்வளவு முயன்றும் காண முடியவில்லை.

[இவ்விடத்தில் குறுங்காணொளியைக் கண்டித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். பள்ளி ஆண்டு மலருக்கு எழுதியதுபோல் இருந்தது. நீக்கிவிட்டேன்.]

7

எனக்குப் பிடித்திருந்த வழி ஒன்று உண்டு. அதனை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு சிறிய பொய். மாதிரி போதவில்லை, மறுபடி தர வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டால் போதும். அண்ணி வருவாள், சோதிக்கப்படுவாள், உண்மை வெளிப்படும், எவர்க்கும் தலைகுனிவு இல்லை. இப்படி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். வாக்கியங்கள் தடையின்றி வந்தன. நிதானம் கீழே இறங்கிச் சென்றாள். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க சாம்பிளை மறுபடி எடுக்கணுமாம்."

"ஏன்?"

"கொஞ்சம் பத்தல."

அண்ணி ஒரு போர்வையின் இரண்டு முனைகளை நீட்டினாள். நிதானம் மற்ற இரண்டைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து மடித்தனர்.

"பத்தலையா? பத்தாத சாம்பிள்ல எனக்கு ஒண்ணும் இல்லேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்வியை நான் திட்டமிடவில்லை. ஆனால் இருநூற்றுப் பத்து மாணவியரின் விடுப்புக் காரணங்களை நாள்தோறும் கேட்டுப் பழகியவள் வேறு எதைக் கேட்பாள்? நிதானம் போர்வையின் மடிப்பை நீவினாள். அவளுக்கென ஒரு விடையை நான் எழுதி வைத்திருக்கவில்லை.

"இங்க பாரு," என்றாள் அண்ணி. குரலில் கடுமை இல்லை. "உனக்கு வந்த பயம் இன்னும் போகல. அதுக்கு என்னை இழுக்காத. அன்னிக்கு அந்தக் கட்டில்ல படுத்ததே உனக்காகத்தான். இனிமே பேராசிரியை இல்ல, அவங்க அப்பா வந்து கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்."

போர்வையை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, இரவு என்ன சமைப்பது என்று கேட்டாள். என் ஒரு பக்கம் வீணாயிற்று.

8

மாற்று முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன், எதனையும் மறைக்கவில்லை.

ஓராண்டு காத்திருத்தல். நிதானத்துக்கே மறுபடி 'ஆம்' வந்தால் அண்ணிக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துவிடும். வராவிட்டால்? ஒரு வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. ஒரு முழு ஆண்டு, நாள்தோறும் கீழ்வீட்டுப் படியைக் கடந்து வேலைக்குப் போக வேண்டும்.

மரபணுச் சோதனை. குப்பிகளில் எஞ்சிய நீர்மம் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கும். எது யாருடையது என்று ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று அறிவியல் பயின்ற வாசகர் எடுத்துக்காட்டக்கூடும். சரிதான். ஆனால் அச்சோதனையைக் கேட்க வேண்டுமாயின் பேராசிரியையிடம் காரணம் சொல்ல வேண்டும். எந்த வழியில் போனாலும் அவள் வாய் திறந்தாக வேண்டிய இடம் ஒன்று வந்துவிடுகிறது.

கையெழுத்தில்லாக் கடிதம். (எழுதத் தொடங்கினேன். 'அன்புடையீர்' என்பதற்குமேல் ஓடவில்லை. நிதானத்தின் கையெழுத்தை அண்ணி அறிவாள்.)

அண்ணிக்கு நோய் முற்றியது என்று ஒரு முடிவு. அண்ணிக்கு ஒன்றுமே இல்லை என்று மற்றொரு முடிவு. முதலாவது நிதானத்துக்குத் தண்டனை, இரண்டாவது மன்னிப்பு. இரண்டையும் வழங்க நான் யார்? அண்ணியின் உடலை ஒரு பாத்திரத்தின் நீதிக்குப் பயன்படுத்துவது முறையன்று. இரண்டு தாள்களையும் சேர்த்துக் கிழித்தேன்.

வாய் திறந்தால் அவள் இழப்பவை எவை? விதியை மீறித் தானும் உறவினரும் மாதிரி தந்தது பதிவாகும். நெறிமுறைக் குழு விசாரிக்கும். பேராசிரியையின் கட்டுரை நிற்கும். மற்ற நூற்றுப் பதினெட்டுச் சீட்டுகளையும் கண்முன் ஒட்டியது உண்மைதானா என்று செவிலியரைக் கேட்பார்கள். அவளை ஆய்வகத்திலிருந்து மாற்றக்கூடும், நீக்கவும் கூடும். இவற்றையெல்லாம் அவள் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாள் என்று வைத்துக்கொள்வோம். அத்தாளில் அவளால் எழுத முடியாத ஒன்று இருந்தது. தாழ்வாரத்துப் பெஞ்சில் தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எட்டு நாள் அழாமல் இருந்த ஒருத்தியிடம் போய், சீட்டு ஒட்டும்போது நான் கம்பளம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

வேலை போவதைவிட அது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

9

ஆகவே கடைசிப் பகுதியில் நான் செய்யக்கூடியது குறைவு. அவளை மாலை நான்கு மணிக்கு விடுதி அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். உள்ளே சென்ற பின் அவள் என்ன செய்வாள் என்பதில் நான் தலையிடவில்லை.

சிறிய அறை. ஒரு மேசை, விடுப்புப் பதிவேடு, சாவிகள் தொங்கும் பலகை. அண்ணி எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு மாணவியர் நின்றனர். ஒருத்திக்கு அத்தை மகள் திருமணமாம். மூன்று நாள் விடுப்பு வேண்டுமாம்.

"போன மாசமும் அத்தை மகளுக்குத்தான் கல்யாணம் ஆச்சு," என்றாள் அண்ணி.

"இது வேற அத்தை, மேடம்."

"உங்க தாத்தா எத்தனை பொண்ணுதான் பெத்தாரு? ஒரு நாள் தரேன். மத்த அத்தைங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி."

மாணவியர் சிரித்தபடி வெளியேறினர். வாசலில் நின்றிருந்த நிதானத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போயினர். அவர்கள் படியிறங்கும் ஓசை அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அண்ணி தலை நிமிர்ந்தாள்.

"என்ன, மறுபடியும் சாம்பிளா?"

நிதானம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்து மேசைமேல், இருவருக்கும் நடுவே, திரை மேலாக வைத்தாள். அண்ணி அதனைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். பேனாவைப் பதிவேட்டின்மேல் வைத்தாள்.

[அண்ணியின் மறுமொழியை மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவள் கத்துகிறாள். ஒன்றில் எழுந்து சன்னலருகே போகிறாள். ஒன்றில் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, மாதிரி எடுக்கும் அறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கிறாள். மூன்றையும் இங்கே சேர்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். அவள் என்ன சொல்வாள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.]

"நாளைக்குக் காலைல பேராசிரியைகிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப்போறேன், அண்ணி," என்றாள் நிதானம். "அதுக்கு முன்னாடி நீங்க என் வாயால கேக்கணும்."